தவசிமுத்துவின் சர்வ்லெட்

"என் புரோகிராம்ல தப்பே கிடையாது, டீச்சர்."

படியேறும்போதே சொல்லிவிட்டார் தவசிமுத்து. மூச்சு வாங்கியது. செருப்போடு உள்ளே வந்து நின்றார்.

அமலி டீச்சர் நிமிரவில்லை. ஒரு மாணவியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செருப்பு, அண்ணாச்சி."

திரும்பிப் போய்க் கழற்றினார். அதிலும் கோபம். ஒன்று வாசலில் விழுந்தது, இன்னொன்று மூன்று படி கீழே போய் விழுந்தது.

தூத்துக்குடியில் ஒரு ஐஸ் பேக்டரியின் மாடியில் அந்த வகுப்பு. டீச்சருக்கு முப்பத்துநாலு வயது. சீடருக்கு அறுபது. பஞ்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கோபோல் என்ற பழைய மொழியில் வேலைக்காலம் முழுக்க எழுதியவர். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஜாவா படிக்க வந்தார். நன்றாகவே படித்தார்.

படித்த கையோடு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வெப்சைட் எழுதிக் கொடுத்தார். ரத்தம் கொடுத்தவர்கள் ரிப்போர்ட்டுக்காக வந்து காத்துக் கிடக்க வேண்டாம். வீட்டிலிருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம். நிலையத்தில் கவுண்டரையே எடுத்துவிட்டார்கள். தெருவில் நாலு பேர் நின்று விசாரிக்கும் அளவுக்கு அவருக்குப் பேர் வந்தது.

அந்தப் பேர் இன்று காலையில் போய்விட்டது.

கோயில்பிச்சை என்று ஒருவர். லாரி வைத்து ஓட்டுகிறவர். முந்தாநாள் காலையில் போனில் ரிப்போர்ட்டைத் திறந்திருக்கிறார். மேலே அவர் பெயர். கீழே கிரியாட்டினின் ஆறு புள்ளி எட்டு. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய எண் அது. சிறுநீரகம் கையை விரித்துவிட்டது என்று அர்த்தம்.

மனைவி மயங்கி விழுந்தாள். துபாயில் இருக்கும் மகன் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான். மதுரைக்கு ஓடிப் போய் மறுபடி ரத்தம் எடுத்தால், எல்லாம் சரியாக இருக்கிறது.

மனுஷன் மதுரையிலிருந்து நேரே பரிசோதனை நிலையத்துக்கு வந்தார். மேஜைக் கண்ணாடியை உடைத்தார்.

நிலையத்து டாக்டர் தவசிமுத்துவைக் கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும். கோயில்பிச்சையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் வெப்சைட்டை மூடிவிடுவதாகச் சொன்னார்.

"மன்னிப்பாம், டீச்சர். நான் கேக்கணுமாம்."

டீச்சர் அடுத்த மாணவியின் திரைக்கு நகர்ந்தாள்.

தவசிமுத்து பேசினார். ரத்தம் எடுக்கிற பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டே குழாயில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள் என்றார். மிஷின் பழசு என்றார். கோயில்பிச்சைக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார். லாரிக்காரனுக்கு ரிப்போர்ட் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். கடைசியில், சிஸ்டம் எங்கேயோ குழப்பிவிட்டது, அதற்கு நான் என்ன செய்ய என்று முடித்தார்.

பின்வரிசையில் இருந்த ரிஸ்வானா, சிஸ்டம் என்கிறவர் யார், அவர் எந்தத் தெரு என்று மெதுவாகக் கேட்டாள். பக்கத்தில் இசக்கிராஜ் இருமுகிற மாதிரி சிரித்தான்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்," என்றார் தவசிமுத்து. "புரோகிராம் சரின்னு. டாக்டர் நீங்க சொன்னா கேப்பார்."

"செஷன்?" என்றாள் டீச்சர்.

அவ்வளவுதான் கேட்டாள்.

தவசிமுத்துவுக்கு ரோஷம் வந்தது. செஷனைப் பற்றி அவரிடமா?

சர்வருக்கு ஞாபகம் கிடையாது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பாஸ்வேர்ட் கொடுத்து நுழைந்தவனையே அடுத்த தடவை யார் நீ என்று கேட்கும். அதனால் முதல் தடவை வரும்போதே கையில் ஒரு அடையாளத்தைக் கொடுத்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதைக் காட்டினால், நீதானா, வா என்று விடும். செஷன் என்பது அதுதான். அதை அவர் ஒழுங்காகச் செய்திருந்தார். ஒரு வரி விடாமல் ஒப்பித்தார்.

"சரியா இருக்கு," என்றாள்.

"அதைத்தானே நானும் சொல்லுதேன்."

"வாசல்ல யாருன்னு கேட்டாச்சு. உள்ள வந்த பிறகு?"

"என்ன உள்ள வந்த பிறகு? பேரை எடுத்து மேல போடுதேன். நோயாளி நம்பரை எடுத்து வச்சுக்கிடுதேன். அந்த நம்பருக்கு என்ன ரிசல்ட்டுன்னு தேடி எடுத்துக் கீழ போடுதேன். பக்கம் முடிஞ்சுது. அனுப்புதேன்."

"நம்பரை எங்க வைக்கீங்க?"

"தலையில."

புரோகிராமின் தலையில். கோபோல்காரர்களின் பழக்கம் அது. எந்த எண் வந்தாலும் எந்தப் பெயர் வந்தாலும், எல்லாவற்றுக்கும் ஆரம்பத்திலேயே இடம் ஒதுக்கிவிட்டுத்தான் கீழே வேலையைத் தொடங்குவார்கள். பஞ்சாலையில் அதில் ஒரு குறையும் வந்ததில்லை. அங்கே ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் ஓடும். சம்பளம் போட்டு முடித்த பிறகுதான் பஞ்சு இருப்பு. தலையில் எழுதிவைத்ததை நடுவில் எவனும் வந்து தொட மாட்டான்.

டீச்சர் எழுந்தாள். பலகையில் எழுதுகிற மார்க்கரை எடுத்தாள்.

"கையை நீட்டுங்க, அண்ணாச்சி."

"எதுக்கு?"

"நீட்டுங்க."

அறுபது வயது மனிதரின் உள்ளங்கையில், வகுப்பு முழுக்கப் பார்க்க, இசக்கிராஜ் என்று எழுதினாள். உள்ளறை அலமாரியில் எல்லாருடைய சாப்பாட்டு டப்பாவும் இருக்கிறது, கையில் யார் பெயர் இருக்கிறதோ அவர் டப்பாவை எடுத்து வந்து இசக்கிராஜுக்குக் கொடுக்க வேண்டும் என்றாள். ரிஸ்வானாவையும், முன்வரிசையில் இருந்த டேனியல் என்ற பையனையும் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

தவசிமுத்து போனார். நாலு எட்டு வைப்பதற்குள் ரிஸ்வானா குறுக்கே வந்தாள். கையைப் பிடித்தாள். துணியால் துடைத்தாள். தன் பெயரை எழுதினாள். எனக்கும் டப்பா வேண்டும் அண்ணாச்சி என்றாள்.

அவர் திட்டிக்கொண்டே நடந்தார். உள்ளறை வாசலில் டேனியல். அவனும் துடைத்தான். அவனும் எழுதினான்.

அலமாரி முன்னால் நின்று தவசிமுத்து உள்ளங்கையைப் பார்த்தார். டேனியல் என்று இருந்தது. டேனியலின் டப்பாவை எடுத்து வந்து இசக்கிராஜின் முன்னால் வைத்தார்.

இசக்கிராஜ் மூடியைத் திறந்தான். மூடினான். தள்ளி வைத்தான். இன்று செவ்வாய்க்கிழமை, மீன் தொட மாட்டேன் என்றான்.

"எனக்கு?" என்று ரிஸ்வானா கேட்டாள். கையைப் பார்த்தார். அவளுக்கும் டேனியலின் டப்பாதான் வர வேண்டும்.

டேனியலிடம் மட்டும் ஒரு குறையும் இல்லை. கடைசியாக எழுதியவன் அவன்.

"இது என்ன விளையாட்டு?" என்றார் தவசிமுத்து. "ஒருத்தன் வேலையை நான் இன்னும் முடிக்கல. அதுக்குள்ள ஆளாளுக்கு வந்து அழிச்சா?"

"காலைல ஒம்பது மணிக்கு உங்க சர்வ்லெட்கிட்ட எத்தனை பேர் வருவாங்க?"

"ஊரே வரும். ஒம்பது மணிக்குத்தான் ரிப்போர்ட் ஏத்துவாங்க."

"சர்வர் எத்தனை சர்வ்லெட் செஞ்சு வச்சிருக்கு?"

விடை அவருக்குத் தெரியும்.

சர்வ்லெட் என்பது சர்வருக்குள் உட்கார்ந்திருக்கும் புரோகிராம். கேட்டவருக்குப் பதில் தருவது அதன் வேலை. ஆயிரம் பேர் கேட்டாலும் சர்வர் ஆயிரம் சர்வ்லெட் செய்யாது. ஒன்றுதான் செய்யும். எல்லாரும் ஒரே நேரத்தில் அந்த ஒன்றுக்குள் ஓடுவார்கள். தலையில் எழுதியது எல்லாருக்கும் பொது. முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்த பாடம். பரீட்சையில் அதற்கு அவர் முழு மார்க் வாங்கியிருந்தார்.

"நான் சோதிச்சுப் பாத்தேனே," என்றார்.

"யாரை வச்சு?"

"என்னை வச்சு."

"அப்புறம்?"

"இன்னொரு தடவை என்னை வச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு அது இன்னும் கோபத்தை ஏற்றியது.

பூட்டிவிடுகிறேன் என்றார். ஜாவாவில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது. அதைப் போட்டால் சர்வ்லெட்டுக்குள் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் நுழைய முடியும். அவர் முடித்து வெளியே போன பிறகுதான் அடுத்தவர்.

"மத்தவங்க?"

"நிக்கட்டும். ரேஷன் கடையில நிக்கோம்ல? கெட்டா போயிட்டோம்?"

டீச்சர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். வெளியே போகச் சொல்கிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. போனார். கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது.

மொட்டைப் படி. தகரக் கூரைகூட இல்லை. பன்னிரண்டு மணி வெயில். கீழே பாளம் பாளமாக ஐஸ் கட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் எரிந்தது. உள்ளே டீச்சர் ரிஸ்வானாவுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். நிதானமாக. ரிஸ்வானா கேட்டதையே திருப்பிக் கேட்டாள். கழுதை, வேண்டுமென்றேதான் கேட்கிறாள்.

கதவைத் தட்டினார்.

"ஒருத்தர் உள்ள இருக்காங்க, அண்ணாச்சி."

மறுபடி தட்டினார்.

அதே பதில். அதே குரல்.

கதவு திறந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வயசான மனுஷனை வெயிலில் காய வைப்பதுதான் இங்கே பாடமா என்று கேட்டார். பஞ்சாலையில் தன்னிடம் மேனேஜர்கூட இப்படி நடந்ததில்லை என்றார். நாளையிலிருந்து வர மாட்டேன் என்றார். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டாள். அவர் முன்னால் தண்ணீர் வைத்தாள்.

தண்ணீரை எடுக்கக் கை நீட்டினார். உள்ளங்கையில் டேனியல் இன்னும் அழியாமல் இருந்தான்.

கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கையில எதுக்கு எழுதணும்?" என்றார். எரிச்சல் போகவில்லை, ஆனால் திசை மாறியிருந்தது. "வாரவன் அவன் பேரை அவன் கையிலயே வச்சுக்கிட்டு என்கூட அலமாரி வரைக்கும் வரட்டும். வாங்கிட்டுப் போகட்டும். எத்தனை பேர் வந்தா எனக்கென்ன?"

"எழுதுங்க."

உட்கார்ந்தார். தலையில் நோயாளி நம்பருக்கு இடம் ஒதுக்கியிருந்த ஒரு வரியை வெட்டினார். உள்ளே, ஒவ்வொரு கேள்விக்கும் தனியாக ஓடுகிற இடத்தில், ஒட்டினார். அந்த நம்பரைத் தொடுகிற இரண்டு இடத்தைத் திருத்தினார். வேலை அவ்வளவுதான்.

வகுப்பில் இருந்த எல்லாரும் ஆளுக்கொரு பெயரில் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினார்கள். மறுபடி அழுத்தினார்கள். அவனவன் பெயருக்குக் கீழே அவனவன் எண். பழைய புரோகிராமையும் அதே மாதிரி ஓட்டச் சொன்னாள் டீச்சர். ஓட்டினார்கள். இசக்கிராஜின் பெயருக்குக் கீழே ரிஸ்வானாவின் எண் வந்து நின்றது. பெயர் செஷனிலிருந்து வந்ததால் சரி. நோயாளி நம்பர் தலையிலிருந்து வந்ததால் எண் தப்பு. படித்த டாக்டர் பார்த்தாலும் சந்தேகம் வராத ரிப்போர்ட்.

தவசிமுத்து திரையை நெடுநேரம் பார்த்தார். அப்புறம் எழுந்து சட்டையை உதறிவிட்டுக்கொண்டார். முகம் தெளிந்துவிட்டது. புதியதை இப்போதே நிலையத்துச் சர்வரில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். டாக்டருக்குக் காரணத்தைச் சொல்லிவிடலாம். கோயில்பிச்சை வீட்டுக்கும் போகலாம், ஒரு மன்னிப்புக் கேட்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது, மனுஷன் பாவம் என்றார். இவ்வளவு தாராளமாக அவர் பேசி அந்த வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

"கோயில்பிச்சை வீட்டுக்கு," என்றாள் டீச்சர்.

"ஆமா."

"அவருக்கு என்ன?"

"என்னன்னா? ஒண்ணும் இல்ல. அதான் மதுரையில பாத்தாச்சே."

டீச்சர் மார்க்கரை மேஜையில் போட்டாள். வைக்கவில்லை, போட்டாள். அது உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. அவள் குரல் உயர்ந்து அந்த வகுப்பு அதுவரை கேட்டதில்லை.

"காலைல இருந்து உங்க பேரு, உங்க மானம், உங்க மன்னிப்பு. இதையேதான் பேசுதீங்க. நானும் நீங்களாக் கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். அந்த ஆறு புள்ளி எட்டு யாரு ரத்தத்துல இருந்து வந்துது, அண்ணாச்சி?"

தவசிமுத்து நின்றார்.

மிஷினில் கோளாறு இல்லை. ஸ்டிக்கரிலும் இல்லை. அது ஒருவருடைய எண். கோயில்பிச்சைக்குப் பின்னால் வந்து, தலையில் இருந்த அவர் நோயாளி நம்பரை அழித்துத் தன் நம்பரை எழுதிய ஒருவருடைய எண்.

"அவரு..." என்றார். "அவரு பின்னால வந்தவரு. கடைசியா எழுதினவருக்குச் சரியாத்தானே கிடைக்கும். டேனியலுக்குக் கிடைச்ச மாதிரி. அவரு தன்னோடதையேதான் பாத்திருப்பாரு."

"அவருக்குப் பின்னால யாரும் வரலையா?"

"வராம இருந்திருக்கலாம்."

"காலைல ஒம்பது மணிக்கு."

அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

"கெட்ட ரிப்போர்ட் வந்தவரு மேஜையை உடைச்சாரு," என்றாள் டீச்சர். "நல்ல ரிப்போர்ட் வந்தவன் எதுக்கு வரப் போறான்?"

தவசிமுத்து போனை எடுத்தார். பரிசோதனை நிலையத்துக்கு அடித்தார். முந்தாநாள் கிரியாட்டினின் ஆறு புள்ளி எட்டு யாருக்கு என்று கேட்டார். அங்கே போனை எடுத்த பெண் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னாள். ஒரே ஒருவர். சுயம்பு. போன் நம்பரும் கொடுத்தாள். அவரை யாராவது கூப்பிட்டுச் சொன்னீர்களா என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே விளங்கவில்லை. ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்துவிட்டார் என்று இங்கே காட்டுகிறதே, கவுண்டர் இருந்த காலத்தில்தான் நாங்கள் சொல்வோம் என்றாள்.

அந்த நம்பரை அடித்தார். மணி போனது. எடுக்கவில்லை.

மறுபடி அடித்தார்.

அந்த மனிதர் சரியான எண்ணைப் பார்த்திருக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார். முன்பின் தெரியாத ஒருவருக்கு, உன் சிறுநீரகம் போய்விட்டது என்ற சேதி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று வேண்டுதல். இந்த மாதிரி அவர் எந்தச் சாமியிடமும் கேட்டதில்லை.

எடுத்தார்கள். ஒரே இரைச்சல். மேளம் அடிக்கும் சத்தம், பல பேர் சேர்ந்து முருகன் பேரைச் சொல்லும் சத்தம். காற்று.

சுயம்புதானா என்று கேட்டார். ஆமாம் என்றது குரல். பரிசோதனை நிலையத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார். ரிப்போர்ட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"பாத்தேன் சார், முந்தாநாளே பாத்துட்டேன்." குரல் துள்ளியது. "காலெல்லாம் வீங்கிப் போயி, என்னவோ ஏதோன்னு வீட்டுல எல்லாரும் அழுது கிடந்தோம். பாத்தா எல்லாம் நார்மல். எம் பொண்டாட்டி போனைக் கும்பிட்டுட்டா. அதான் திருச்செந்தூருக்கு நடந்து போய்க்கிட்டிருக்கேன். வேண்டுதல். கால் இன்னும் வீக்கமாத்தான் இருக்கு, மூச்சும் கொஞ்சம் வாங்குது. நடந்தா சரியாப் போகும்லா? நார்மல்தானே?"

தவசிமுத்து போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"அந்த வெப்சைட் எழுதினவரு யாரோ, அவரு நல்லா இருக்கணும், சார்."

வகுப்பு அவரையே பார்த்தது. டீச்சர் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"சிஸ்டத்துல ஒரு..." என்று தொடங்கினார் தவசிமுத்து. நிறுத்தினார்.

"அலோ? சார்? கேக்கல."

"சுயம்பு, நடக்காதீங்க. ரோட்டோரமா உக்காருங்க," என்றார். "அதை எழுதினவன் பேசுதேன்."